முதல் மாத்திரைக்கு முன்னாடி போன 14 மாசம்

வீட்ல பதினெட்டு இருபது வயசுல ஒரு பையனோ பொண்ணோ கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்காங்க, தனியா பேசுறாங்க, யாரோ பேசுறது காதுல கேக்குதுன்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க நம்மள பத்தியே பேசுறாங்கன்னு ஜன்னல சாத்துறாங்க, என்ன பண்றதுன்னு தெரியாம ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல தேடிட்டு இருக்கீங்கன்னா இது உங்களுக்குதான். நான் டாக்டர் இல்ல. தண்டையார்பேட்டையில ஒரு சாதாரண வீடு எங்களுது, என் தம்பிக்கு மனச்சிதைவு, அதாவது டாக்டருங்க ஸ்கிசோஃப்ரினியான்னு சொல்றது, அது வந்தப்போ எங்களுக்கு எதெல்லாம் தெரியலையோ அதத்தான் எழுதுறேன். இந்த நோய் வர்றத நம்மால தடுக்க முடியாம போகலாம், ஆனா வந்ததுல இருந்து முதல் மாத்திரை வாய்க்குள்ள போற வரைக்கும் எத்தன மாசம் ஓடுதுங்கறது முக்கால்வாசி வீட்டாளுங்க கையிலதான் இருக்கு. எங்க வீட்ல 14 மாசம் ஓடுச்சு.

அந்த 14 மாசத்த நான் பின்னாடி உக்காந்து கணக்கு போட்டேன். முதல் 5 மாசம் "வயசுக்கோளாறு, பரீட்சை டென்ஷன், யாரோ பொண்ணு ஏமாத்திட்டா" இதுல போச்சு. அடுத்த 4 மாசம் மந்திரிக்கிறதுல போச்சு, கோயில்ல வேப்பிலை அடிச்சோம், தர்காவுல தாயத்து கட்டினோம், சர்ச்ல எண்ணெய் பூசி ஜெபம் பண்ணாங்க, எங்க பக்கம் எல்லா சாமிக்கும் எல்லாரும் போவோம், அத நான் தப்பு சொல்லல. அப்பால ஒரு மாசம் "ஊருக்கு அனுப்புனா சரியாயிடும்"னு சித்தப்பா வீட்ல விட்டோம். கடைசி 4 மாசம் இருக்கே, அதுதான் எனக்கு இன்னிக்கும் தொண்டைய அடைக்குது, எனக்கு மாப்பிள்ளை பாத்துகினு இருந்தாங்க, "கீழ்ப்பாக்கம்னு பேரு அடிபட்டா உன்ன எவன்டி கட்டுவான், தேதி குறிக்கிற வரைக்கும் பொறு"ன்னு அம்மா சொன்னாங்க, நானும் சரின்னு இருந்துட்டேன். அந்த 4 மாசத்துலதான் தம்பிக்கு பாலிடெக்னிக் போச்சு, ஃபுட்பால் போச்சு, கூட இருந்த பசங்களும் போயிட்டாங்க.

ஏன் மாசக்கணக்க இப்படி புடிச்சிகினு இருக்கேன்னா, உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்றவங்க இதத்தான் எண்ணிட்டு இருக்காங்க. சைக்கோசிஸ், அதாவது இல்லாத குரல் கேக்குறது, நடக்காதத நம்புறது, இது தொடங்குன நாள்ல இருந்து சரியான சிகிச்சை தொடங்குற நாள் வரைக்கும் உள்ள இடைவெளி. அது நீள நீள தேறுறது கஷ்டமாகுதுன்னு நிறைய ஆய்வுல திரும்பத் திரும்ப வந்திருக்கு. நார்வேல ஸ்டவாங்கர்னு ஒரு ஊர் பக்கம் 1997ல இருந்து ஒரு வேலை செஞ்சாங்க, பேப்பர்ல விளம்பரம், ஸ்கூல் டீச்சருங்களுக்கு பயிற்சி, சாதாரண டாக்டருங்களுக்கு பயிற்சி, யார் போன் பண்ணாலும் உடனே பாக்க ஒரு டீம். விளம்பரம் இல்லாத ஊருல பாதி பேருக்கு 16 வாரத்துக்கும் மேல சிகிச்சை இல்லாம போச்சு, இவங்க ஊருல அது 5 வாரமா கொறஞ்சுது. பத்து வருஷம் கழிச்சு போய் பாத்தா, சீக்கிரம் கண்டுபுடிச்ச ஊர்ல 100க்கு 31 பேர் கிட்ட முழுசா தேறி இருந்தாங்க, மத்த ஊர்ல 15 பேர். மருந்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். விளம்பரத்த நிறுத்துனதும் 5 வாரம் திரும்ப 15 வாரம் ஆயிடுச்சுங்கறதையும் சேத்து படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துச்சு, ஏன்னா ஜனங்களுக்கு தெரியறதும் தெரியாததும்தான் அந்த பத்து வாரம்.

அமெரிக்காவுலயும் பெருசா ஒரு ஆய்வு பண்ணாங்க, 2015ல முடிவு வந்துச்சு, அங்கயே பாதி பேர் 74 வாரத்துக்கு மேல சிகிச்சை இல்லாமதான் இருந்திருக்காங்க. மருந்து, குடும்பத்துக்கு சொல்லிக்குடுக்குறது, படிப்பு வேலைக்கு உதவின்னு எல்லாத்தையும் சேத்து ஒரே டீம் பண்ணா நல்ல பலன், அதுவும் 74 வாரத்துக்குள்ள வந்தவங்களுக்குதான் அதிக பலன். நம்ம சென்னையில வீடு வீடா போய் பண்ணின ஒரு ஆய்வு 1998ல வெளியாச்சு, மனச்சிதைவு இருந்தவங்கள்ல கால்வாசிக்கும் மேல ஒரு நாள் கூட வைத்தியம் பாத்ததே இல்ல. இத்தன ஆஸ்பத்திரி இருக்குற ஊர்லங்க இது.

சரி, எத பாத்து சந்தேகப்படணும்? குரல் கேக்குற வரைக்கும் காத்திருக்காதீங்க. அதுக்கு முன்னாடியே ஒரு காலம் இருக்கு, பல மாசம் கூட இருக்கும், அத வீட்ல எல்லாரும் "சோம்பேறி ஆயிட்டான்"னு சொல்லி விட்டுடுவோம். தூக்கம் தலைகீழா மாறும், ராத்திரி முழிச்சு பகல்ல படுப்பான். குளிக்க மாட்டான், நாலு நாள் ஒரே டீஷர்ட். கூட்டாளிங்க வந்து கூப்பிட்டா "இல்லன்னு சொல்லு"ம்பான். சிரிக்குற இடத்துல சிரிப்பு வராது, அழுவுற இடத்துல அழுகை வராது, மூஞ்சி ஒரு மாதிரி மரத்துப்போன மாதிரி இருக்கும். நல்லா படிச்சவன் மார்க் விழும். இதுல ஒண்ணு ரெண்டு எல்லா வயசுப்பசங்களுக்கும் வரும், அத வெச்சு பயப்பட வேணாம், அவன் முன்னாடி எப்படி இருந்தானோ அதுல இருந்து மாறியிருக்கானா, அது வாரக்கணக்கா அப்படியே நிக்குதா, ஏறிட்டே போகுதா, இத பாருங்க. அப்புறம் தான் சந்தேகம் வரும், டிவில தன்ன பத்தி பேசுறாங்க, போன ஒட்டுக்கேக்குறாங்க, சோத்துல எதோ கலக்குறாங்க. ஆம்பள பசங்களுக்கு பொதுவா இருபது வயச ஒட்டி, பொண்ணுங்களுக்கு கொஞ்சம் தள்ளி இருபத்தஞ்சு முப்பதுல கூட தொடங்கும், அதனால கல்யாணமாகி புள்ள பெத்த பொண்ணுன்னு விட்டுடாதீங்க.

"கஞ்சா அடிச்சதாலதான்"னு எங்க ஏரியாவுல உடனே சொல்லிடுவாங்க. கஞ்சா இந்த நோய் வர்ற வாய்ப்ப கூட்டுதுன்னு நல்லா தெரிஞ்ச விஷயம், சின்ன வயசுல தொடங்கி தினம் அடிச்சா இன்னும் கூட்டுது, நோய் வந்தப்புறமும் விடலன்னா திரும்பத் திரும்ப வரும். அதனால டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். ஆனா "கஞ்சாவ விட்டா தானா சரியாயிடும்"னு மாசத்த ஓட்டாதீங்க, ரெண்டுக்கும் ஒண்ணா வைத்தியம் பாக்கலாம். அதே மாதிரி "நீ வளத்த வளப்பு"ன்னு அம்மாவ குத்தாதீங்க. 1940கள்ல அமெரிக்காவுலயே சில டாக்டருங்க அம்மாங்க மேல பழி போட்டிருக்காங்க, அப்புறம் அது ஆதாரமில்லாததுன்னு தூக்கிப்போட்டுட்டாங்க. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா புள்ளைக்கு வர்ற வாய்ப்பு 100க்கு 10 கிட்ட, ஒரே மாதிரி இருக்குற ரெட்டை புள்ளைங்கள்ல ஒண்ணுக்கு வந்தாலும் இன்னொண்ணுக்கு பாதி நேரம் வர்றதில்ல. பரம்பரை கொஞ்சம், மூளையில நடக்குற மாற்றம் கொஞ்சம், வாழ்க்கையில படுற அடி கொஞ்சம். யார் பாவமும் இல்ல.

மாற்றம் தெரிஞ்ச அன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க, எழுத ஆரம்பிங்க. நான் பண்ணினது டெய்லி காலண்டர், தினம் கிழிக்கிற தாள் இருக்குல்ல, அத கசக்கிப்போடாம பின்னாடி வெள்ளையா இருக்குற பக்கத்துல நாலு வரி எழுதுவேன். எத்தன மணி நேரம் தூங்குனான், சாப்ட்டானா, வெளில போனானா, புதுசா என்ன சொன்னான். "பயமா இருந்தான்"னு எழுதாம "ஃபேன ஆஃப் பண்ணிட்டு அதுக்குள்ள இருந்து பேரு சொல்லி கூப்புடுதுன்னு சொன்னான், 20 நிமிஷம் பாத்துகினே நின்னான்"னு எழுதுங்க. டாக்டர்கிட்ட உக்காந்தா நமக்கு ஒண்ணுமே ஞாபகம் வராது, அம்மா அழுவாங்க, அப்பா "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்"ம்பார். அந்த தாளு 40 சொச்சம் கிளிப்பு போட்டு குடுத்தேன், அந்த டாக்டரம்மா ஒவ்வொண்ணா திருப்பி பாத்தாங்க, ஆறு மணி நேரம் தூக்கம் ரெண்டு மணி நேரமா ஆனது அவங்க கண்ணு முன்னாடியே தெரிஞ்சுது.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வர்றேன், "எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்குதான் பைத்தியம்"னு சொல்ற ஆள எப்படி கூட்டிட்டு போறது. முதல்ல புரிஞ்சிக்க வேண்டியது, அது பிடிவாதம் இல்ல, இந்த நோயில நிறைய பேருக்கு தனக்கு நோய் இருக்குங்கறதே தெரியாது, கால் உடைஞ்சவனுக்கு வலி தெரியாம போனா எப்படியோ அப்படி. அதனால வாதாடி ஜெயிக்க பாக்காதீங்க. "குரலெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லாதீங்க, அவனுக்கு நெசமாவே கேக்குது. "ஆமா எனக்கும் கேக்குது"ன்னு பொய்யும் சொல்லாதீங்க. "எனக்கு கேக்கலடா, ஆனா உனக்கு கேக்குதுன்னு நம்புறேன், பயமா இருக்குமேடா"ன்னு சொல்லிப்பாருங்க. அவனுக்கே எது தொந்தரவோ அத புடிங்க. என் தம்பிக்கு தூக்கம். "தூக்கம் வரலல்ல, அதுக்கு மட்டும் டாக்டர பாக்கலாம் வா, அக்கா கூட வரேன்"னு சொன்னேன், ஒரு வாரம் கழிச்சு வந்தான். சிலருக்கு தலைவலி, சிலருக்கு படபடப்பு, சிலருக்கு படிப்புல மனசு ஓடல. பீச்சுக்கு போலாம்னு ஆட்டோல ஏத்தி ஆஸ்பத்திரில இறக்காதீங்க, ஏற்கெனவே எல்லாரும் சதி பண்றாங்கன்னு நினைக்கிற ஆளுக்கு நம்மளே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்.

சாப்பாட்டுல மாத்திரைய கலக்காதீங்க. இது நிறைய வீட்ல நடக்குது, எங்க வீட்லயும் நடந்துச்சு. தெரிஞ்ச மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஏதோ ஒரு தூக்க மாத்திரை, அம்மா அம்மிக்குழவியில நசுக்கி காபில போட்டாங்க. தம்பி பாதி குடிச்சிட்டு டம்ளர வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தான், அடியில வெள்ளையா வண்டல் மாதிரி ஒட்டியிருந்துச்சு. அவன் கத்தல, டம்ளர அம்மா முன்னாடி வெச்சிட்டு "சொன்னேன்ல"ன்னான், அவ்ளோதான். அன்னைல இருந்து வீட்ல சமைச்ச எதையும் தொடல. அவிச்ச முட்டை மட்டும், அதுவும் ஓட்டோட குடுக்கணும், அத திருப்பித் திருப்பி பாத்து எங்கயாவது கீறல் இருந்தா ஒதுக்கிடுவான், அவனே உரிச்சு அவனே சாப்பிடுவான். ஒண்ணரை மாசம் என் தம்பி முட்டையில உயிர் வாழ்ந்தான். அம்மா பண்ணது பாசத்துல, எனக்கு தெரியும், ஆனா அவன் மனசுல இருந்த பொய்ய நாங்களே நெசமாக்கிட்டோம்.

அவன் வரவே மாட்டேன்னா நீங்க மட்டும் போங்க, எழுதின தாள எடுத்துகினு. 14416ன்னு ஒரு நம்பர் இருக்கு, டெலிமானஸ், 2022 அக்டோபர்ல அரசாங்கம் தொடங்குனது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. வீட்ல ஒருத்தருக்கு இப்படின்னு நீங்க பேசலாம், பாதிக்கப்பட்டவங்களே பேசணும்னு இல்ல. தமிழ்நாட்டு 104 நம்பர்லயும் கேக்கலாம்.

எங்க போறது. நம்ம பக்கம்னா ஸ்டான்லி ஆஸ்பத்திரி, அங்க மனநலப் பிரிவு இருக்கு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு ஆளுங்களுக்கு நடந்து போற தூரம், அங்க போறதுல ஒரு நல்லது என்னன்னா யாராவது பாத்தா கூட காய்ச்சலுக்கு வந்தோம்னு நினைப்பாங்க, அந்த கூச்சம் இருக்குறவங்களுக்கு அது ஒரு பெரிய ஒத்தாசை. சென்ட்ரல் பக்கம்னா ஜி.எச்.லயும் பிரிவு இருக்கு. கீழ்ப்பாக்கம்னு ஊரே கிண்டல் பண்ற இடம் அயனாவரம் பக்கம் இருக்குற அரசு மனநலக் காப்பகம், 1794ல தொடங்குனது, இன்னிக்கும் புறநோயாளிங்க தினம் வந்து பாத்துட்டு மருந்து வாங்கிட்டு வீட்டுக்குதான் போறாங்க, போனா பூட்டிடுவாங்கன்னு நாங்க பயந்ததெல்லாம் பழைய காலத்து கதை. அங்க 1961ல இருந்து பதினேழு வருஷம் கிட்ட தலைமை பாத்தவங்க டாக்டர் சாரதா மேனன், இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர், அவங்கதான் 1984ல ஸ்கார்ஃப்ங்கற அமைப்ப தொடங்குனாங்க, மனச்சிதைவுக்குன்னே ஆராய்ச்சியும் சிகிச்சையும், அண்ணாநகர் மேற்கு விரிவுல இருக்கு. முதல் தடவ நோய் வந்தவங்களுக்குன்னு தனியா அங்க பாக்குறாங்க.

ஸ்கார்ஃப் பேர் வந்ததால ஒண்ணு சொல்லணும், வீட்ல இருக்கவங்களுக்கு இது தெம்பு குடுக்கும். அவங்களும் கனடாவுல மான்ட்ரியல் மெக்கில் யுனிவர்சிட்டியும் சேந்து, முதல் தடவ சைக்கோசிஸ் வந்தவங்கள ரெண்டு ஊர்லயும் ரெண்டு வருஷம் பின்தொடர்ந்தாங்க, ஊருக்கு நூத்தி அறுபதுக்கும் மேல ஆளுங்க. சிகிச்சை முறை ஒரே மாதிரி. சென்னையில நடுவுல விட்டுட்டுப் போனவங்க கம்மி, அந்த முடங்கிப்போற அறிகுறிங்க, பேச்சு கொறையிறது, எதுலயும் நாட்டமில்லாம இருக்குறது, அதுவும் இங்க நல்லா கொறஞ்சிருந்துச்சு, குடும்பம் கூடவே வந்து உக்காந்ததும் இங்கதான் அதிகம். அதுக்கும் முன்னாடி 1980கள்ல மெட்ராஸ்ல 90 பேர முதல் தடவ நோய் வந்தப்போவே சேத்து இருபது வருஷத்துக்கும் மேல பாத்துட்டு வந்தாங்க, அதுல நிறைய பேர் வேலைக்கு போயிகினு, கல்யாணம் கட்டிகினு வாழ்ந்தாங்க. "வந்தா வாழ்க்கையே போச்சு"ன்னு சொல்றவங்க வாய அடைக்க நான் இததான் சொல்வேன்.

முதல் நாள் போறப்போ ஆதார், பழைய சீட்டு, சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துக்கோங்க, காலைலயே போங்க, கூட்டம் இருக்கும், தண்ணியும் அவனுக்கு புடிச்ச திங்கற ஐட்டமும் பையில இருக்கட்டும். கியூல சத்தம் தாங்க முடியலன்னா ஒருத்தர் சீட்டு போட்டு நிக்க, இன்னொருத்தர் அவன வெளில மரத்தடில உக்கார வெக்கலாம். ரத்தத்துல பாத்து இதுதான் மனச்சிதைவுன்னு சொல்ற டெஸ்ட் கிடையாது, டாக்டர் பேசித்தான் முடிவு பண்ணுவாங்க, ரத்தம் எடுக்குறது தைராய்டு, சுகர் மாதிரி வேற எதாவதான்னு தெரிஞ்சிக்க. காய்ச்சல், வலிப்பு, தலைல அடி, ஆளு நேரம் இடம் தெரியாம குழம்புறது, இதுல எதாவது இருந்தா மறக்காம சொல்லுங்க, அது மூளைக்காய்ச்சல் மாதிரி வேற நோயா இருக்கலாம், உடனே பாக்கணும். முதல் நாளே மனச்சிதைவுன்னு பேர் வெக்க மாட்டாங்க, "சைக்கோசிஸ், போகப்போக பாக்கலாம்"பாங்க, அத வெச்சு "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க"ன்னு எடுத்துக்காதீங்க. மருந்து பேர், எந்த நேரம், எத்தன நாள், என்ன பக்கவிளைவு, எப்ப திரும்ப வரணும், இந்த அஞ்சையும் கேட்டு எழுதிக்காம ரூம விட்டு எழுந்திரிக்காதீங்க. ஒரு இடத்துல எங்கள ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க, "மாத்திரை போடு, போ"ன்னு, அங்கயே விட்டிருந்தோம்னா இன்னும் ஆறு மாசம் போயிருக்கும், வேற டாக்டர பாத்தோம்.

மருந்து தொடங்குனா என்ன ஆகும். ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன், அரிபிபிரசோல் இந்த மாதிரி எதாவது குடுப்பாங்க, முதல் தடவ நோய்க்கு கம்மி டோஸ்லயே நல்லா கேக்கும். முதல் சில நாள்ல தூக்கமும் படபடப்பும் சரியாகும், குரலும் சந்தேகமும் போக வாரக்கணக்கு ஆகும், நாலு ஆறு வாரம் கூட. பத்து நாள்ல "கேக்கல"ன்னு மாத்தாதீங்க. சிலருக்கு முதல் ரெண்டு மூணு நாள்ல கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கும், கண்ணு மேல சொருகிக்கும், தாடை கோணும். எங்க தெருவுல ஒரு பையனுக்கு இப்படி ஆனப்போ பாத்த ஆயா "பேய் நல்லா ஏறிடுச்சு"ன்னு திரும்ப கோயிலுக்கு இட்டுகினு போனாங்க, மருந்தையும் நிறுத்திட்டாங்க. அது மருந்தோட பக்கவிளைவு, கேஷுவால்டில ஒரு ஊசி போட்டா கொஞ்ச நேரத்துல சரியாயிடும். இத முன்னாடியே தெரிஞ்சி வெச்சிருந்தா ஒருத்தனும் ஓடிப்போக மாட்டான். உக்கார முடியாம கால் துடிக்கிறது, கை நடுக்கம், பொண்ணுங்களுக்கு தீட்டு நிக்கிறது, எடை ஏறுறது, இதெல்லாம் சொன்னா மாத்தித் தருவாங்க. எடை ரொம்ப முக்கியம், மாசம் ஒரு தடவ எடை பாருங்க, சுகரும் கொழுப்பும் டாக்டர் சொல்ற கணக்குல பாருங்க. கடும் காய்ச்சலோட உடம்பு கட்டை மாதிரி விறைச்சு நினைவு குழம்புனா காத்திருக்காம பெரிய ஆஸ்பத்திரி, 108.

ரெண்டு மருந்து, ஒவ்வொண்ணும் சரியான டோஸ்ல ஆறு வாரம் கிட்ட குடுத்தும் கேக்கலன்னா குளோசபைன்னு ஒண்ணு இருக்கு, அத பத்தி நீங்களே கேளுங்க, ஏன்னா அதுக்கும் தாமதமாகுது. அதுக்கு ரத்தத்துல வெள்ளை அணு எண்ணிக்கிட்டே இருக்கணும், முதல் 18 வாரம் வாராவாரம். அலைச்சல்தான், ஆனா மத்தது எதுவும் கேக்காதவங்களுக்கு அதுதான் கேக்குது.

எங்க வீட்ல மருந்து தொடங்கி பதினேழாவது நாள், ராத்திரி அம்மா ரசம் சோறு பெசஞ்சு சாப்ட்டுட்டு இருந்தாங்க, தம்பி வந்து பக்கத்துல குந்தினான், அம்மா தட்டுல இருந்தே ஒரு கை எடுத்து வாயில போட்டான். யாரும் ஒண்ணும் பேசல. அம்மா தட்ட அவன் பக்கம் நகத்திட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க.

நல்லானதும் எல்லாருக்கும் வர்ற ஆசை "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை". நியூயார்க்ல முதல் தடவ நோய் வந்து தேறினவங்கள பின்தொடர்ந்து 1999ல எழுதினாங்க, அஞ்சு வருஷத்துல 100க்கு 82 பேருக்கு திரும்ப வந்துச்சு, மருந்த நிறுத்தினவங்களுக்கு அந்த ஆபத்து அஞ்சு மடங்கு கிட்ட. திரும்பத் திரும்ப வர்றப்போ தேற நாளாகும், சிலருக்கு பழைய மருந்தே சரியா கேக்காம போயிடும். அதனால குறைஞ்சது ஒண்ணு ரெண்டு வருஷமாவது போட்டே ஆகணும், குறைக்கிறதோ நிறுத்துறதோ டாக்டரோட பேசி மெதுவா. தினம் மாத்திரை சண்டையா இருந்தா ரெண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு தடவ போடுற ஊசி இருக்கு, கேளுங்க, அது தண்டனை இல்ல, நிறைய பசங்களே "தினம் அம்மா நச்சு இல்ல"ன்னு அததான் கேக்குறாங்க.

வீட்ல பேசுற விதமும் மருந்துதான். லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஐம்பது அறுபதுகள்லயே பாத்தாரு, ஆஸ்பத்திரில நல்லாகி வீட்டுக்கு போனவங்கள்ல, எந்நேரமும் குறை சொல்ற, கத்துற, இல்லன்னா மூச்சு முட்ட தாங்குற வீட்டுக்கு போனவங்களுக்கு திரும்ப நோய் அதிகமா வந்துச்சு. எங்க நைனாவுக்கு வாய தொறந்தா "தண்டச்சோறு"தான் வரும். அவர மாத்த எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, நான் சண்டை போடல, டாக்டர்கிட்டயே அவர கூட்டிட்டு போய் "இவன் எழுந்திரிக்காம படுத்திருக்கிறது நோயா, திமிரா"ன்னு அவர் வாயாலயே கேக்க வெச்சேன். ஒரு நேரத்துல ஒரு விஷயம் சொல்லுங்க, சின்னதா சொல்லுங்க. "ஏன்டா இப்படி இருக்க" வேணாம், "கடைக்கு போய் பால் வாங்கிட்டு வா" போதும். பால் வாங்கிட்டு வந்த அன்னைக்கு நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க. தம்பி முதல் மூணு மாசம் பால், அப்புறம் ரேஷன் கடை, அப்புறம் தெரு பசங்களோட கேரம், பாலிடெக்னிக் ஒரு வருஷம் விட்டு திரும்ப சேத்தோம். படிப்பையோ வேலையையோ முழுசா குணமானதுக்கு அப்புறம்னு தள்ளிப்போடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா சேத்தே போகட்டும், வெறுமனே வீட்ல உக்காந்திருக்குறதுதான் அவங்கள அரிக்கும்.

சாகணும்னு பேசுனா, "குரல் சொல்லுது குதின்னு"ன்னு சொன்னா, அத நடிப்புன்னு நினைக்காதீங்க. இந்த நோயில தற்கொலை ஆபத்து ஆரம்ப வருஷங்கள்ல அதிகம். தனியா விடாதீங்க, மொட்டை மாடி கதவ பூட்டுங்க, மாத்திரை டப்பாவ கையெட்டாம வைங்க, கேஷுவால்டிக்கு போங்க. 2017 மனநலப் பராமரிப்பு சட்டப்படி அவசரம்னா எந்த பதிவுபெற்ற டாக்டரும் 72 மணி நேரம் வரைக்கும் முதல் சிகிச்சை குடுக்கலாம். சங்கிலி போட்டு கட்டுறது அதே சட்டத்துல தடை, எந்த வடிவத்துலயும். 2001 ஆகஸ்ட் 6ந்தேதி ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடில மனநோய் வந்தவங்கள வெச்சிருந்த ஒரு காப்பகத்துல தீ புடிச்சப்போ சங்கிலியோட இருந்த 28 பேர் எழுந்து ஓட முடியாம எரிஞ்சு போனாங்க, அவங்கள கொண்டு போய் விட்டதும் நம்மள மாதிரி வழி தெரியாத வீடுங்கதான். உடம்பு நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் குடுக்கணும்னும் அதுல இருக்கு, கம்பெனில வேலை செய்றவங்க கேட்டு வாங்குங்க.

அந்த சட்டத்துல எனக்கு ரொம்ப புடிச்சது, நல்லா இருக்குறப்போவே "எனக்கு திரும்ப வந்தா இப்படி பாருங்க, இப்படி பாக்காதீங்க, எனக்காக இவங்க முடிவெடுக்கட்டும்"னு ஒருத்தர் எழுதி வெக்கலாம். முறையா பண்ண சாட்சி, பதிவு எல்லாம் இருக்கு, அத டாக்டர்கிட்ட கேட்டு பண்ணுங்க. அதுக்கு முன்னாடி வீட்டளவுல ஒரு தாள் இன்னிக்கே எழுதலாம். திரும்ப வர்றப்போ எப்படி தொடங்கும்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் இருக்கும், பெரும்பாலும் முதல் தடவ எப்படி தொடங்குச்சோ அதே மாதிரி, அது நம்மள விட அவங்களுக்குதான் நல்லா தெரியும். எங்க வீட்டு பீரோ கதவுக்கு உள்பக்கம் தம்பி கையெழுத்துல ஒட்டியிருக்கு: "ரெண்டு ராத்திரி தூங்கலன்னா, காதுல பஞ்சு வெச்சா, முட்டை மட்டும் கேட்டா, நான் வேணாம்னு சொன்னாலும் அக்கா என்ன டாக்டர்கிட்ட கூட்டிட்டு போலாம். பொய் சொல்லி கூட்டிட்டு போகக்கூடாது. காபில கலக்கக்கூடாது." கீழ கையெழுத்து போட்டிருக்கான், அம்மாவும் போட்டிருக்காங்க.